மைக்கம்மாவின் பல்செட்

கேட்டுக்காரருக்கு மனைவியின் குரல் வீட்டில் காதில் விழுந்ததைவிட ஒலிபெருக்கியில் விழுந்ததுதான் அதிகம். படகுத்துறையில் பயணிகளை விடும் இரும்புக் கேட்டைத் திறந்து மூடுவது அவர் வேலை. அவர் தலைக்கு மேலே, மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து எந்தப் படகு எப்போது கிளம்பும், எந்த மேடையில் ஏற வேண்டும் என்று அறிவிப்பது அவள் வேலை. கல்யாணமான புதிதில், "எல்லார் வீட்லயும் பொண்டாட்டி காதுகிட்ட வந்து கத்துவா. எனக்கு வாய்ச்சவ மைக் வச்சுல்ல கத்துறா" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

உண்மையில் அவள் ஒருநாளும் கத்தியதில்லை. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும், பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்கிற மாதிரிதான் பேசுவாள். "மறுகரைக்குச் செல்லும் படகு" என்று அவள் சொன்னால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் குளித்துத் தலைசீவி வந்து நிற்கும். குழந்தையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வரும் தாய்மார்கள் அந்தக் குரலைக் கேட்டதும் பாதி அழுகையை நிறுத்திவிடுவார்கள். அவளை நேரில் பார்க்காதவர்கள்கூட 'மைக்கம்மா' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கேட்டுக்காரரே சில சமயம் வீட்டில் வாய்தவறி "மைக்கம்மா, உப்பு எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவளுக்குப் பல்லில் வந்தது வினை. ஐம்பதைத் தாண்டியதும் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், கொஞ்சநாள் சும்மா இருக்கும். அவளும் உப்புத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள். ஒருநாள் மதியம் அறிவிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முன்பல் ஒன்று கழன்று நாக்கில் விழுந்துவிட்டது. வேறு யாராவது என்றால் மைக்கை அணைத்துவிட்டு அலறியிருப்பார்கள். அவள் அந்தப் பல்லைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, படகின் பெயர், மேடை, கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நன்றி" வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் துப்பினாள். கீழே நின்ற கேட்டுக்காரருக்கு 'நன்றி' மட்டும் ஒரு மாதிரி காற்றுப்போன சக்கரமாகக் கேட்டது. அண்ணாந்து பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"வெளியில பாக்கப் பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உள்ள பிடிச்சுக்க எலும்பு இல்ல. ஒண்ணு ரெண்டை வச்சுக்கிட்டுப் போராடலாம். அதுவும் ரொம்ப நாள் நிக்காது."

கேட்டுக்காரர் வேறு டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமா என்று வாயெடுப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்: "எல்லாத்தையும் எடுத்துட்டா செட்டு வச்சுப் பேச முடியுமா டாக்டர்?"

"சாப்பிட முடியுமான்னுதான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க."

"சாப்பாடு எப்படியாச்சும் உள்ள போயிரும். பேச்சுதான் வெளிய வரணும்."

டாக்டர் சிரித்துவிட்டு நிஜத்தைச் சொன்னார். முடியும், ஆனால் பழகவேண்டும். நாக்குக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்த வீடு மாறிப்போகும். சிலர் சீக்கிரம் பழகுவார்கள், சிலர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

"நான் அலமாரியில வைக்கமாட்டேன்" என்றாள்.

பற்களைச் சிறிதுசிறிதாக எடுத்தார்கள். புண் ஆறி, ஈறு சுருங்கி இறுகும்வரை காத்திருக்கச் சொன்னார் டாக்டர். அந்த மாதங்கள்தான் கொடுமை. மேலாளரிடம் தானே போய்க் கேட்டுச் சாமான் ஒப்படைக்கும் கவுண்டருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே மூட்டைக்கு எண் போட்ட வில்லை கட்டிக் கொடுத்தால் போதும், பேச்சே வேண்டாம். மைக்குக்கு, டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த சுருட்டைமுடிக்காரர் போய் உட்கார்ந்தார். நல்ல மனிதர். ஆனால் மைக்கைக் கண்டாலே அவருக்கு வியர்த்துவிடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நிறுத்துவார்.

வீட்டில் அவள் துண்டால் வாயை மறைத்துக்கொண்டே நடமாடினாள். சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டுக்காரர் காயை மசித்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, சூப்பை வடிகட்டி, சமையல் கற்றுக்கொண்டார்.

"என்கிட்ட என்ன மறைப்பு? எத்தனை வருஷமா பாத்த மூஞ்சி" என்பார்.

அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். பொக்கை வாயோடு அவரிடம்கூடப் பேசமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுவாள். ஒலிபெருக்கியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றாகிவிட்டது அந்தக் குரல். கேட்டுக்காரருக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெளியூரிலிருந்து மகள் போன் செய்து, "எதுக்கும்மா கஷ்டம்? வேலையை விட்டுட்டு இங்க வந்துடேன்" என்றபோது, போனைக் கணவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அச்செடுக்கும் நாள் வந்தது. களிமண் மாதிரி ஒன்றை உலோகத் தட்டில் வைத்து டாக்டர் வாய்க்குள் அழுத்தியபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கேட்டுக்காரர்தான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அடுத்தமுறை மெழுகில் பற்களைப் பதித்துப் பொருத்திப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"வேற யாரோ ஒருத்தி சிரிக்கிற மாதிரி இருக்கு."

"பழைய போட்டோ இருந்தா கொண்டுவாங்க" என்றார் டாக்டர்.

போட்டோவில் அவள் சிரித்தே இருந்ததில்லை. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் சிரிக்கவிட்டால்தானே. கேட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார்.

"போட்டோ எதுக்கு டாக்டர்? நான் சொல்றேன். மேல நடுப்பல்லு ரெண்டுல, வலப்பக்கத்துப் பல்லு பக்கத்துப் பல்லு தோள்ல லேசா சாஞ்சிருக்கும். பஸ்ல தூங்குற மாதிரி. நிறம் இவ்வளவு வெள்ளை இல்ல. பழைய பியானோ கட்டை மாதிரி, கொஞ்சம் மஞ்சள் ஓடும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். துண்டு மடியில் விழுந்து கிடந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. டாக்டர் மெழுகைச் சூடாக்கி அந்தப் பல்லை ஒரு நூலளவு சாய்த்து வைத்தார்.

செட்டு வந்த அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வார்த்தையாக, "வாய்க்குள்ள யாரோ குடிவந்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

"குடிவந்தவங்க சீக்கிரம் காலி பண்ணமாட்டாங்க. அனுசரிச்சுப் போ" என்றார்.

அனுசரிப்பது லேசில் நடக்கவில்லை. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. மேல்செட்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது. கீழ்செட்டு மட்டும், பிடிமானமில்லாத படகு மாதிரி, நாக்கு அசைந்தால் தானும் எழுந்து ஆடியது. ஈறில் ஒரு இடம் புண்ணாகும், டாக்டர் அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுப்பார், அடுத்த வாரம் இன்னொரு இடம் புண்ணாகும். ஒரு தும்மலில் கீழ்செட்டு பறந்துபோய் சூப்புக் கிண்ணத்தில் விழுந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். "நல்லவேளை, ஆறின சூப்பு" என்றார் அவர். அன்றுதான், பல மாதத்துக்குப் பிறகு, அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்தது பாதி வாயோடு என்பது நினைவுக்கு வந்ததும் கையால் மூடிக்கொண்டாள்.

சாப்பாட்டை ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தாள். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக மென்றால் செட்டு ஆடாது என்று கண்டுகொண்டாள். பேச்சுதான் பிடிவாதம் பிடித்தது. 'செல்லும்' என்றால் 'ஷெல்லும்' என்று சீட்டியடித்தது. 'தயவு' என்றால் நாக்கு எங்கேயோ போய் இடித்தது. காலையில் எழுந்ததும் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, செய்தித்தாளைக் கண்ணாடி முன்னால் வைத்து, தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் சத்தமாக வாசிப்பாள். ஒரு வார்த்தை சரியாக வராவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுவாள். சவரம் செய்துகொண்டே கேட்டுக்காரர் உலக நடப்பு முழுவதையும் சீட்டிச் சத்தத்தோடு தெரிந்துகொண்டார். அவள் களைத்துப்போய் நிறுத்திவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பார். தன்னால் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க முடியாது. அவள் நிறுத்தவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாயங்காலம் வந்தது.

வேலை விட்டு வரும் கூட்டம் நிரம்பி வழிகிற நேரம். மறுகரையிலிருந்து வந்த பெரிய படகு துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கேட்டுக்காரர், படகின் பின்பக்கத்திலிருந்து கரும்புகை குபுகுபுவென்று எழுவதைப் பார்த்தார். இயந்திரச் சத்தம் பொசுக்கென்று நின்றது. "தீ! தீ!" என்று யாரோ அலறினார்கள். அவ்வளவுதான். புகை வந்த பக்கத்திலிருந்த கூட்டம் அத்தனையும் எதிர்ப்பக்கக் கம்பியை நோக்கி ஓடியது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததும் அலறல் அதிகமானது. கரையில் நின்ற பயணிகளின் சொந்தக்காரர்கள் அவர் பிடித்திருந்த கேட்டை நெட்டித் தள்ளினார்கள்.

மாடியிலிருந்து சுருட்டைமுடிக்காரர், "பதற்றப்படாதீர்கள்! தயவுசெய்து பதற்றப்படாதீர்கள்!" என்று கத்தினார். அவர் குரலிலேயே பதற்றம் தந்தியடித்தது. மைக் கீச்சென்று ஊளையிட்டது. யார் காதிலும் எதுவும் ஏறவில்லை.

திடீரென்று ஊளை நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குரல்.

"மைக்கம்மா கூப்பிடுறேன். எல்லாரும் உக்காருங்க."

கேட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து, வாயில் ஒரு பல்கூட இல்லாமல். மறைக்கத் துண்டு இல்லை, கை இல்லை. இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்திருந்தாள். கீழே நின்ற அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி விளக்கு வெளிச்சத்தில் நின்றாள்.

"அப்படியே உக்காருங்க. இருக்கற இடம் போறும். கீழ உக்காருங்க."

குரல் பழைய குரல் இல்லை. ஓரங்கள் மழுங்கிப்போன குரல். ஆனால் அந்த நிதானம் அதுவேதான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற அதே தோரணை. படகில் முதலில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காற்றில் பயிர் படிவது மாதிரி கூட்டம் வரிசை வரிசையாகப் படிந்தது.

"பிள்ளைங்களை மடியில வையுங்க. யாரும் எழும்ப வேணாம். இப்ப, கம்பி ஓரம் இருக்கறவங்க, மெல்ல நடுவுல வாங்க. எழும்பாம வாங்க. மெல்ல. இன்னும் மெல்ல."

உட்கார்ந்த வாக்கிலேயே ஆட்கள் நகர்ந்தார்கள். படகு முனகிக்கொண்டு நிமிர்ந்தது. இழுவைப் படகு ஒன்று போய்க் கயிறு போட்டது. பெரிய படகு கரை சேர்கிற வரைக்கும் அவள் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். "கயிறு போட்டாங்க. இழுக்கறாங்க. கரை இங்கயே இருக்கு, எங்கயும் போகலை." இந்த இடத்தில் படகிலிருந்து யாரோ சிரித்தது கரைக்குக் கேட்டது. "ஒவ்வொரு ஆளா இறங்கலாம். கேட்டுக்காரரே, கேட்டை முழுக்க விரியுங்க."

அவளே அவரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கேட்டை விரித்தார்.

தீ எதுவும் இல்லை, இயந்திரத்தில் குழாய் வெடித்து எண்ணெய் புகைந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஒருவருக்கு முழங்கை சிராய்ப்பு, இன்னொருவருக்குச் செருப்பு போயிற்று. கடைசி ஆளும் இறங்கிய பிறகு கேட்டுக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்கு ஓடினார். சுருட்டைமுடிக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, அக்காவா வந்து கையிலேருந்து வாங்கிக்கிட்டாங்க" என்றார். அவள் நாற்காலியில் சரிந்திருந்தாள். கணவரைக் கண்டதும் வாயை மூடவில்லை.

"என்னங்க, ஓடுங்க. என் பல்லு கவுண்டர்ல டப்பாக்குள்ள இருக்கு. புண்ணு வலிச்சதுன்னு கழட்டி வச்சேன். யாராவது சாமான்னு நெனச்சு வில்லை கட்டி அடுத்த படகுல அனுப்பிடப் போறாங்க!"

வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கும்போது அவர் கேட்டார்: "அது எப்படி? பல்லே இல்லாம அவ்வளவு தெளிவா வந்துச்சு?"

"தெளிவா வர்ற வார்த்தையை மட்டும்தான் சொன்னேன். பொக்கை வாய்ல சானாவும் தானாவும் காலை வாரிவிடும். அந்த ரெண்டு எழுத்தை நம்பி இத்தனை உசிரை வைக்க முடியுமா? அதான் அதுங்க இல்லாத வார்த்தையாப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினேன். 'அமைதியா இருங்க'ன்னு சொல்ல முடியல. 'உக்காருங்க'ன்னு சொல்ல முடிஞ்சுது."

கேட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அத்தனை பேர் அலறிக்கொண்டிருக்க, ஒரு படகு சாய்ந்துகொண்டிருக்க, இவள் எழுத்தைப் பொறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கடவுளே கடவுளே என்று சொன்னதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. "இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்தட்டுமா?" என்றார்.

மறுநாள் மேலாளரே கவுண்டருக்கு வந்தார். "நீங்க நாளைக்கே மேல வந்துடுங்கம்மா. பல்லு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றார். சுருட்டைமுடிக்காரர் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கும்பிட்டார்.

"வர்றேன் சார். ஆனா இப்ப இல்ல. நேத்து ஆபத்துக்கு அரை வாயோட பேசினேன். தினமும் அப்படிப் பேசினா 'மறுகரைக்குச் செல்லும்'னு எப்படிச் சொல்றது? பல்லோட பேசக் கத்துக்கிட்டு வர்றேன்."

கேட்டுக்காரருக்கு முந்தின நாள் செய்ததைவிட இது பெரிதாகப் பட்டது. ஆபத்தில் யாருக்கும் ஒரு வேகம் வந்துவிடும். கைதட்டல் கிடைத்த பிறகும், இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை என்று திரும்பிப் போய்ப் பாடம் படிக்க எத்தனை பேரால் முடியும்?

அவள் டாக்டரிடம் போய் உட்கார்ந்து, "எனக்கு சானா வேணும் டாக்டர்" என்றாள். டாக்டரும் சளைத்தவர் இல்லை. அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், மேல்செட்டில் முன்பல்லுக்குப் பின்னால் துளி தேய்த்தார், மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடி தேய்த்தார். கீழ்செட்டுக்கு உள்பக்கம் புதிதாகப் பூச்சுக் கொடுத்து இறுக்கமாக்கினார். வரிசையில் காத்திருந்தவர்கள், உள்ளே யாரோ 'செல்லும், செல்லும், செல்லும்' என்று மந்திரம் ஓதுவதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் செய்தித்தாள் வாசிப்பு தொடர்ந்தது. சீட்டி மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு காலையில் கேட்டுக்காரர் பாதிச் சவரத்தில் நின்று காதைத் தீட்டினார். விலைவாசிச் செய்தி முழுக்கச் சீட்டியில்லாமல் முடிந்திருந்தது.

அவள் மாடியேறிய அன்று கேட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி தொடங்கியது. "மறுகரைக்குச் செல்லும் படகு, தற்சமயம் இரண்டாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." பழைய குரலோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கனம், கொஞ்சம் நிதானம் கூடுதல். புது ஊருக்குக் குடிபோன பழைய சிநேகிதரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கேட்டைத் தாண்டிய ஒரு பெரியவர், "மைக்கம்மாவுக்கு இத்தனை நாளா சளியா? இப்பத்தான் தெளிஞ்சிருக்கு" என்றார். "ஆமாங்க, பெரிய சளி" என்றார் கேட்டுக்காரர்.

அதற்குப் பிறகு அவள் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள். படுக்கும்முன் செட்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பொக்கை வாயோடு அவரிடம் அன்றைய கதையெல்லாம் பேசுவாள். சில வார்த்தை அவருக்குப் புரியாது. "உம்" கொட்டுவார். "என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்று மாட்டிவிடுவாள்.

போன மாதம் கேட்டுக்காரருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். அவள் இரண்டு வேளை பார்த்தாள். மூன்றாவது வேளை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "கிளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, தானா சரியாயிடும்."

"நானும் அப்படித்தான் உப்புத்தண்ணி கொப்பளிச்சேன்."

டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் கேட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாயைத் திறக்கவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்கில் பேசுகிற அதே குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"கேட்டுக்காரரே, கேட்டைத் திறங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். கேட்டுக்காரரும் சிரித்தார். சிரித்ததில் வாய் திறந்துகொண்டது.